மண் சரிந்தால் யார் பொறுப்பு

காலை ஆறே முக்காலுக்கு வேன் நின்றபோது செம்பனைகளுக்கு மேல் இன்னும் வெளுக்கவில்லை. பவானேஸ்வரி முதலில் இறங்கினாள். இரவு பெய்த மழையில் செம்மண் பாதை குழைந்து கிடந்தது. ஒவ்வோர் அடிக்கும் ரப்பர் பூட்ஸை மண் பிடித்துக்கொண்டு விட்டது.

மலாக்கா மாநிலத்தில், செலண்டாருக்கு அப்பால், பழைய செம்பனை எண்ணெய்த் தோட்டம் ஒன்றின் குறுக்கே, ஒரு குன்றை நடுவில் பிளந்துகொண்டு புதிய நெடுஞ்சாலை போகிறது. பிளந்த இடத்தில் இரு பக்கமும் மூன்று மாடி உயரத்துக்கு மண்சுவர். அதன் உச்சியில், லாரிப் பாதை வளையும் இடத்தில் நின்றுகொண்டு பலகையைத் திருப்புவது அவள் வேலை. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. மண் ஏற்றிய லாரி மேலே வரும்வரை காலி லாரி கீழே இறங்கக்கூடாது. ஒரு நாளைக்கு நானூறு தடவைக்கு மேல் அந்தப் பலகை திரும்பும். டீசல் புகை தொண்டையில் படியும். வெயில் ஏறினால் புழுதி பல்லிடுக்கில் நறநறக்கும். பெண்களுக்கான கழிப்பறை ஒரு கிலோமீட்டர் தள்ளி சைட் ஆபீஸில்தான் இருந்தது. அதனால் அவள் மதியம்வரை தண்ணீர் குடிப்பதில்லை.

கீழே மருதமுத்துவின் மண்வாரி ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது. மண்சுவரின் அடிவயிற்றில் இரும்புப் பற்களைப் பதித்து, ஒரு பிடி எடுத்து, லாரியில் கொட்டி, மறுபடியும் திரும்பியது. ஆண்டு முடிவதற்குள் இந்தப் பகுதியைத் திறந்து டோல் வசூல் தொடங்கவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எட்டு மணி நேர வேலை பன்னிரண்டு மணி நேரமாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

சாலை அரசாங்கமும் ஒரு தனியார் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து போடுவது. அரசாங்கம் நிலத்தைக் கொடுத்தது. கம்பெனி கடன் வாங்கிக் கட்டும். முப்பத்து நான்கு ஆண்டு டோல் வசூலித்துக்கொள்ளும். கம்பெனி வேலையை ஒரு பெரிய குத்தகையாளரிடம் விட்டது. அவர் குன்றை வெட்டும் வேலையை மட்டும் சேகரனிடம் விட்டார். சேகரன் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன். ஒரு பழைய லாரியில் தொடங்கி ஒன்பது லாரிக்கும் மூன்று மண்வாரிக்கும் சொந்தக்காரர் ஆனவர். முதல் மண்வாரியை வாங்கிய நாளிலிருந்து அதை ஓட்டுபவன் மருதமுத்து.

பவானேஸ்வரிக்கு இது இரண்டாவது பிழைப்பு. அதற்கு முன் பதினோரு ஆண்டு, பத்து பெரண்டாம் என்ற ஊரின் மின்னணுத் தொழிற்சாலையில் உருப்பெருக்கிக் கண்ணாடிக்குள் குனிந்து, சில்லுகளில் மயிரிழை விரிசல் தேடினாள். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போயிற்று. அந்தக் கண் மட்டும் அவளோடு இருந்தது.

அதனால்தான் திங்கட்கிழமை, தான் நிற்கும் இடத்துக்குப் பத்தடி பின்னால், பள்ளத்தின் பக்கமாக, புல்லுக்கிடையில் ஓடிய கோட்டை அவள் பார்த்தாள். காய்ந்த மண்ணில் விழும் வெடிப்பு அல்ல அது. மழைக்காலத்தில் மண் எங்கே காய்கிறது? சுவரின் விளிம்புக்கு இணையாக, வளைந்து, நாற்பதடிக்கு ஓடியது. அளவுக்காரர்கள் போட்டுவிட்டுப் போன இரண்டு முளைக்குச்சிகளை எடுத்துக் கோட்டின் இரு கரையிலும் ஒரு சாண் இடைவெளியில் அடித்தாள். கைப்பேசியில் படம் எடுத்தாள். புதன்கிழமை அந்த இடைவெளி ஒரு சாணும் மூன்று விரலும் ஆகியிருந்தது.

தேநீர் நேரத்தில் மருதமுத்துவை அழைத்துக் காட்டினாள். அவன் மண்டியிட்டு விரிசலுக்குள் கையை விட்டான். முழங்கைவரை போயிற்று.

"கீழ நான் தோண்டத் தோண்ட இங்க தொறக்குது, பவானி," என்றான்.

இருவரும் சேகரனிடம் சொன்னார்கள். அவர் அலட்சியம் செய்யவில்லை, பொறியாளரை வரவழைத்தார். பொறியாளர் படம் எடுத்தார், மழைநீர் இறங்காமல் தார்ப்பாய் விரிக்கச் சொன்னார், அறிக்கை அனுப்புவதாகச் சொல்லிப் போனார். தார்ப்பாய் விரித்த பிறகு விரிசல் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. தோண்டுவது நிற்கவில்லை.

வியாழக்கிழமை பதினொன்றரை மணி இருக்கும். சுவருக்கு அடியில் வடிகால் குழாய் பதிக்கும் ஆட்கள் நான்கு பேர் குனிந்திருந்தார்கள். அவர்களில் கோகுலராஜ் முப்பது வயதுக்காரன். மனைவிக்கு ஏழாவது மாதம். மேலே நின்ற பவானேஸ்வரியின் கண்ணில், தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு நின்ற முளைக்குச்சி மெல்லச் சாய்வது பட்டது. காற்றே இல்லை. அவள் விசிலை வாயில் வைத்து நெஞ்சு வலிக்க ஊதினாள். மூன்று பேர் ஓடினார்கள். கோகுலராஜின் பூட்ஸ் குழாய்க்கும் பள்ளத்துக்கும் நடுவே சிக்கிக்கொண்டது.

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. ஈரத்துணியைக் கல்லில் அடித்ததுபோல் ஒரே ஒரு ஓசை. பிறகு பார்த்தால் அவன் நெஞ்சுவரை மண்ணுக்குள் இருந்தான்.

மண்வாரியை வைத்துத் தோண்டினால் ஆளையே வெட்டிவிடும். மருதமுத்து குதித்து இறங்கிக் கையால் தோண்டினான். தப்பி ஓடிய மூவரில் ஒருவனான வங்காளதேசத்து ஆரிஃப் எல்லோருக்கும் முன்னால் திரும்பி ஓடி வந்து, தன் தலைக்கவசத்தால் மண்ணை அள்ளி எறிந்தான். பவானேஸ்வரி மேலிருந்து ஓடி வந்து கோகுலராஜின் தலைமாட்டில் உட்கார்ந்து முகத்தில் விழும் மண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மேலே பாதிச் சுவர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்து அவனை வெளியே எடுத்தபோது இடது கால் தொடையோடு முறிந்திருந்தது. இடுப்பு எலும்பும் உடைந்திருப்பதாக மலாக்கா மருத்துவமனையில் சொன்னார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இனி எப்படி நடப்பான் என்று இப்போது சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை காலை சேகரன் தன் வண்டியில் வந்தார். பின்னாலேயே இன்னொரு வண்டியிலிருந்து ஒருவர் இறங்கினார். மண் படாத வெள்ளைத் தலைக்கவசம், மடிப்புக் கலையாத சட்டை. டோல் கம்பெனியின் அதிகாரி, பெயர் பாலகிருஷ்ணன் என்று சேகரன் அறிமுகப்படுத்தினார். இருபத்தைந்து தொழிலாளர்கள் வேனைச் சுற்றி நின்றார்கள்.

பாலகிருஷ்ணன் கோகுலராஜுக்காக வருத்தம் தெரிவித்தார். பிறகு ஒரு தாளை எடுத்தார். கோகுலராஜ் அனுமதியில்லாமல் அந்தப் பகுதிக்குள் போனார் என்று அதில் மலாயில் எழுதியிருந்தது. நேரில் பார்த்த இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால், தனி ஆளின் தவறு என்று அறிக்கை முடிந்துவிடும், இன்றே வேலையைத் தொடரலாம் என்றார்.

பவானேஸ்வரி தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"சார், குழாய் போடச் சொல்லி நேத்து காலைல அனுப்புனதே இதோ நிக்கிற எங்க போஸ்தான். இதுல அனுமதி இல்லாமன்னு எழுதியிருக்கே."

அதிகாரி சேகரனைப் பார்த்தார். சேகரன் தரையைப் பார்த்தார். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். வண்டியிலிருந்து ஒப்பந்தக் கோப்பை எடுத்துவந்து, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்தார்.

"என்னைய மட்டும் பாக்காதீங்க. நான் எதுல மாட்டியிருக்கேன்னு நீங்களே படிச்சுப் பாருங்க."

அது ஒரு பட்டியல். இடது பக்கம் என்னென்ன கெடுதல் வரலாம் என்று இருந்தது. வலது பக்கம் யார் ஏற்பது என்று இருந்தது. பவானேஸ்வரி ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். நிலம் எடுக்கத் தாமதமானால் அரசாங்கம் பொறுப்பு. எதிர்பார்த்த அளவு வண்டிகள் ஓடாவிட்டால் குறைகிற வருமானத்தை அரசாங்கம் ஈடு செய்யும். டோல் கட்டணத்தை ஏற்ற முடியாமல் போனால் கம்பெனிக்கு வசூல் ஆண்டுகள் கூடும். மண்ணின் நிலைமை எதிர்பார்த்ததுபோல் இல்லாவிட்டால் பெரிய குத்தகையாளர் பொறுப்பு; அவரிடமிருந்து அப்படியே துணைக் குத்தகையாளருக்கு. அந்த வரிக்கு எதிரே சேகரனின் கையெழுத்து இருந்தது.

"இது கூட்டுத் திட்டம்மா," என்று பாலகிருஷ்ணன் பொறுமையாக விளக்கினார். "ரிஸ்க்க எல்லாரும் பங்கு போட்டுக்கறோம். எத யாரால சமாளிக்க முடியுமோ அத அவங்ககிட்ட குடுக்கறது. உலகம் பூரா இப்படித்தான்."

பவானேஸ்வரி பக்கத்தைத் திருப்பினாள். பின்னால் ஒன்றும் இல்லை.

"நேத்து நெஞ்சு வரைக்கும் மண்ணுல நின்னது கோகுல். இதுல அவன் பேரு எந்த வரியில இருக்கு சார்?"

"தொழிலாளிங்க இந்த ஒப்பந்தத்துல பார்ட்டி இல்ல."

மருதமுத்து கூட்டத்துக்குள்ளிருந்து முன்னால் வந்தான். விரல்களில் நகம் பெயர்ந்த இடத்தில் துணி சுற்றியிருந்தது.

"அப்ப மண்ணு வர்றப்ப மட்டும் நாங்க பார்ட்டியா?"

அவன் மண்வாரியின் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துச் சேகரன் கையில் வைத்தான். மேலிருந்து மண்ணைப் படிப்படியாகச் சரித்து வெட்டாமல் சுவருக்கு அடியில் இனி மண்வாரியை ஓட்டமாட்டேன் என்றான். கண்ணெதிரே ஆபத்து இருந்தால் தொழிலாளி விலகி நிற்கச் சட்டம் இடம் கொடுக்கிறது என்று பாதுகாப்பு வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை பவானேஸ்வரி நினைவுபடுத்தினாள். பாலகிருஷ்ணன் சட்டம் பேசவில்லை. நாளை காலைக்குள் வேறு ஆட்கள் வருவார்கள், இவர்கள் அதையும் யோசித்துக்கொள்ளட்டும் என்று சேகரனிடம் சொல்லிவிட்டு தன் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

சேகரன் மருதமுத்துவைத் தனியே அழைத்துப் போனார். பதினெட்டு வருடப் பழக்கம். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் தன்மேல் தண்டம் விழும், மேலிருந்து வெட்டினால் மூன்று வாரம் போய்விடும், லாரிகளை வங்கி இழுத்துக்கொண்டு போய்விடும் என்று சொன்னார். மருதமுத்து முழுவதையும் கேட்டான்.

"அவங்க உன் தலையில எறக்குனத நீ எங்க தலையில எறக்குற, சேகர். எங்களுக்குக் கீழ எறக்க ஆள் இல்ல. நீயும் எங்ககூட வந்து நின்னு அவங்கள கேளு."

சேகரன் வரவில்லை. போகவும் இல்லை. வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

மதியம் செம்பனை நிழலில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்து கடிதம் எழுதினார்கள். மேலிருந்து வெட்டும்வரை யாரும் கீழே இறங்கமாட்டோம். விபத்தறிக்கையில் நடந்தது நடந்தபடி எழுதவேண்டும். கோகுலராஜ் எழுந்து நடக்கும்வரை அவன் சம்பளம் வீட்டுக்குப் போகவேண்டும். விரிசலின் படங்களையும் சேர்த்துத் தொழில் பாதுகாப்பு இலாகாவுக்கு பவானேஸ்வரியே அனுப்பினாள்.

கையெழுத்துப் போடும் முறை வந்தபோது ஆரிஃப் பேனாவை வாங்கவில்லை. அவன் வேலை பெர்மிட் சேகரன் பெயரில் இருந்தது.

"அக்கா, நாள நம்மள ஊருக்கு அனுப்பிட்டா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்.

அனுப்பமாட்டார்கள் என்று பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தாளை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்குத் தெரியாதுடா. ஆனா உன் பேர கடைசியில எழுதாத. நடுவுல எழுது. சுத்தி நாங்க இருப்போம்."

அவன் பேனாவை வாங்கினான். பிறகு நடுவில், வங்க எழுத்தில், தன் முழுப் பெயரையும் எழுதினான். அவனுடைய ஆட்கள் ஆறு பேரும் அதைச் சுற்றி எழுதினார்கள். தமிழர்களின் கையெழுத்து அதற்கும் வெளியே.

சனிக்கிழமை காலை இருபத்தைந்து பேரும் வேலைக்கு வரும் நேரத்துக்கே வந்தார்கள். கீழே இறங்கவில்லை. பாதை வளைவில் உட்கார்ந்தார்கள். காலியாக வந்த லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஓட்டுநர்கள் கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக அணைத்தார்கள். குன்றில் பல மாதங்களுக்குப் பிறகு பறவைச் சத்தம் கேட்டது.

எட்டு மணிக்கு ஒரு புதிய வேன் வந்தது. செர்காம் பக்கத்து சைட் ஒன்றிலிருந்து பெரிய குத்தகையாளர் அனுப்பிய இந்தோனேசிய ஆட்கள், பதினான்கு பேர். புதுத் தலைக்கவசம், தோளில் மண்வெட்டி. அவர்களின் தலைவர் நரைத்த மீசைக்காரர், ஆட்கள் மரியாதையாக அழைப்பது பாக் வாஹித் என்று. சேகரன் வண்டியிலிருந்து இறங்கி, அவர்களைக் கீழே போகச் சொல்லிக் கை காட்டினார்.

மருதமுத்துவின் ஆட்களில் இரண்டு பேர் வழியை மறிக்க எழுந்தார்கள். பவானேஸ்வரி அவர்களைத் தடுத்தாள். பாக் வாஹித்திடம் போய், வாருங்கள், முதலில் ஒன்றைப் பாருங்கள் என்று மலாயில் சொல்லி மேலே அழைத்துப்போனாள். சேகரன் பின்னாலிருந்து கூப்பிட்டார். பெரியவர் கையை உயர்த்தி, பொறு என்று மட்டும் காட்டினார்.

சரியாமல் நின்ற பாதிச் சுவரின் மேல் இப்போது விரிசலுக்குள் ஒரு காலே இறங்கும். பவானேஸ்வரி தார்ப்பாயை விலக்கினாள். அவர் விளிம்பில் குந்தி உட்கார்ந்து ஒரு சிறுகல்லை உள்ளே போட்டுக் காது கொடுத்தார். பிறகு கீழே, கோகுலராஜைத் தோண்டி எடுத்த பள்ளத்தைப் பார்த்தார். அதன் அருகில் அவனுடைய ஒரு பூட்ஸ் இன்னும் கிடந்தது. எத்தனை பேர் அங்கே இருந்தார்கள் என்று கேட்டார். நான்கு என்றாள் அவள். யாராவது செத்தார்களா என்று கேட்டார். இல்லை, இன்னும் இல்லை என்றாள்.

அவர் இறங்கி வந்து தன் ஆட்களிடம் அவர்கள் ஊர் மொழியில் தாழ்ந்த குரலில் பேசினார். அவர்களுக்குள் ஏதோ வாக்குவாதம் எழுந்தது. இளவயதுக்காரன் ஒருவன் தலையை ஆட்டி மறுத்துக் கோபமாக எதையோ சொன்னான். ஊரில் யாரையோ நினைத்துச் சொல்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது. பெரியவர் அவன் தோளில் கைவைத்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். ஒருவர் மண்வெட்டியைத் தரையில் வைத்தார். பிறகு இன்னொருவர். கடைசியாக அந்த இளவயதுக்காரனும் வைத்தான்.

சேகரன் கைப்பேசியைக் காதில் வைத்தபடி அசையாமல் நின்றார். மறுமுனையில் யாரோ கத்துவது தொழிலாளர்கள்வரை கேட்டது. தெற்கே மேகம் கறுத்தது. செலண்டார் சாலையிலிருந்து ஒரு வெள்ளை வண்டி மண்பாதைக்குத் திரும்பி மேலே ஏறத் தொடங்கியது. இலாகா வண்டியா, போலீஸ் வண்டியா என்று அங்கிருந்து தெரியவில்லை.

பாக் வாஹித் மருதமுத்துவிடம் வந்து, உட்கார எங்கே இடம் என்று கேட்டார்.

எல்லோரும் நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள்.