இனநீதிச் செம்மலின் ஏற்புரை

டாலஸுக்கு வடக்கே அந்தப் புறநகரில் சிட்டி கவுன்சில் தேர்தல். பல் டாக்டர் திருமூர்த்தி ஜெயிப்பது உறுதி என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவருக்காக முதன்முதலில் வீடு வீடாகக் கதவைத் தட்டியவள் ஸ்வர்ணா. அவள் கராஜில் பிரசாரப் பலகைகள் குவிந்து, கார் வெயிலில் நின்றது. இத்தனைக்கும் பதிலாக அவள் டாக்டரிடம் கேட்டது ஒரே ஒரு வாக்கியம்: "கறுப்பினத்தவரைப் போலீஸ் காரணமில்லாமல் வழிமறிப்பதை நிறுத்த வைப்பேன்."

தெரிந்த பையன் ஒருவன் ஒரே வருடத்தில் மூன்று தடவை மாட்டிக்கொண்டான் என்று அவரிடம் சொல்லியிருந்தாள். அந்தத் தெரிந்த பையன் அவளுடைய சொந்த மாப்பிள்ளை ஆண்ட்ரே. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், தங்கமான பிள்ளை, கறுப்பர். கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் தமிழ்க்காரர்கள் யாருக்கும் தெரியாது. கேட்டவர்களிடம், மகள் விஷாகாவுக்கு ஆஸ்பத்திரி வேலையில் மூச்சுவிட நேரமில்லை, கல்யாணப் பேச்சையே எடுக்க முடியவில்லை என்று கதைவிட்டு வந்தாள். மூன்றாவது தடவை ஸ்வர்ணா வீட்டு வாசலிலேயே அவனை இறக்கி, கைகளைக் கார்மேல் வைக்கச் சொன்னார்கள். விஷாகாவுக்கு அப்போது ஐந்து மாதம். குழந்தை பிறந்தாலும் அந்தத் தெருவுக்குக் கொண்டுவர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஒரு வாக்கியம் பிரசாரக் கமிட்டிக்குப் போய் ஆறு வாரம் அல்லாடியது. முதலில் 'கறுப்பினத்தவர்' போய் 'அனைவரும்' வந்தார்கள். பிறகு போலீஸ் கழன்றுகொண்டது. டாக்டரிடம் ரூட் கெனால் பண்ணிக்கொண்டவர்களில் நாலு பேர் போலீஸ்காரர்கள். கடைசியில் அச்சாகி வந்தது, "எல்லா வண்டிகளும் நிம்மதியாகப் போய்ச் சேரட்டும்." பக்கத்தில் ஒரு கார்ட்டூன் வேன் சிரித்துக்கொண்டிருந்தது. ஸ்வர்ணாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரமே தமிழ்ச் சங்க ஆண்டு விழா. சங்கத்தில் அரசியல் பேசக் கூடாது என்று விதி, பட்டம் கொடுக்கலாம். வருடா வருடம் வாழ்த்துமடல் எழுதுபவள் ஸ்வர்ணாதான். வாழ்த்துமடலில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. போன வருடம் பாடவே வராத ஒருவரை இசைக்கடல் ஆக்கியிருந்தாள். இந்த வருடம், டாக்டர் அஞ்சாமல் முழங்கியதாக அந்த வாக்கியத்தை முழுசாக எழுதி, 'இனநீதிச் செம்மல்' என்று பட்டமும் சூட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டுவிட்டாள்.

செயலாளர் தீபக் அதை மைக்கில் கணீரென்று வாசித்தான். முந்நூறு பேர் கைதட்டினார்கள். பொன்னாடைக்குக் கழுத்தைக் கொடுத்த பிறகுதான், தான் என்ன முழங்கியிருக்கிறோம் என்பது டாக்டருக்கு உறைத்தது. ஆனால் பட்டம் வாங்கினால் ஏற்புரை உண்டு, தப்ப முடியாது.

டாக்டர் லேசுப்பட்டவரா? இப்போதே மறுபடி முழங்கத் தயார் என்றார். ஆனால் நம் ஊரில் அப்படி யாருக்கு நடந்தது, அவர் மேடைக்கு வந்து என் பக்கத்தில் நிற்கட்டும் என்றார். அதற்கும் கைதட்டினார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஸ்வர்ணாவிடம் தீபக் குனிந்தான்.

"ஆன்ட்டி, உங்க ஊபர் டிரைவர் பார்க்கிங்ல ஒன் அவரா வெயிட் பண்றாரு. போகச் சொல்லிடட்டுமா?"

கண் ஆபரேஷன் முடிந்து மூன்று நாள்தான் ஆகிறது, அவள் கார் ஓட்டக் கூடாது. விஷாகாவிடம் சொல்லாமல் ஆண்ட்ரேதான் கொண்டுவந்து விட்டிருந்தான். அரங்க வாசலில் தீபக் யாரென்று கேட்டபோது ஊபர் என்று அவள்தான் சொன்னாள். வாய் தவறிச் சொன்னதல்ல. இப்போது அதை இன்னொருவர் வாயால் கேட்டதும் கூசிப்போய், எழுந்து பார்க்கிங்குக்கு நடந்தாள்.

ஆண்ட்ரே காரில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொல்லி, மேடைக்கு வரச் சொன்னாள். என்னை யாரென்று சொல்வீர்கள் என்று அவன் ஆங்கிலத்தில் கேட்டான். குரலில் கோபமே இல்லை, அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு நடந்தாள்.

மைக்கை வாங்கினாள். "இவர் பேரு ஆண்ட்ரே. போலீஸ் நிறுத்தினது இவரைத்தான், என் வீட்டு வாசல்லயே. இவர் ஊபர் டிரைவர் இல்ல, எங்க விஷாகாவோட ஹஸ்பண்ட். மேரேஜ் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. நான்தான் உங்க யார்கிட்டயும் சொல்லல." அதையே அவனுக்காக ஆங்கிலத்திலும் சொன்னாள்.

என்ன செய்வதென்று தெரியாத தீபக், மிச்சமிருந்த ஒரு பொன்னாடையை எடுத்து ஆண்ட்ரேவுக்குப் போர்த்திவிட்டான். டாக்டருக்கு வேறு வழியில்லை. கண்ணாடிச் சட்டத்தைத் தூக்கிப் பிடித்து, அந்த வாக்கியத்தை ஒரு வார்த்தை விடாமல் வாசித்தார். வாசித்து முடித்தும் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. பின்வரிசையில் யாரோ கைதட்ட ஆரம்பிக்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

ஆண்ட்ரே டாக்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமியாரின் காதருகே குனிந்து, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லையே, இதற்கா இரண்டு வருடம் என்று கேட்டான்.

ஸ்வர்ணாவுக்கு அவமானமாக இருந்தது. ஒரு வாக்கியத்தைச் சொல்ல டாக்டருக்குக்கூட ஆறு வாரம்தான் ஆகியிருந்தது.