கலரா, கருப்பு வெள்ளையா?

டீச்சரின் பழைய ஸ்கூட்டர் கிளம்பாமல் வாசலில் நின்று மூன்று வாரம் ஆகிவிட்டது. ரிப்பேருக்குக் கொடுக்கலாம் என்று அவள் வாயெடுத்தாலே கணவர் கேமராவும் கையுமாகக் குறுக்கே வந்து நிற்பார். "அந்தத் துருவைத் தொட்டுடாதே. எனக்கு இன்னும் படம் சரியா அமையல."

படம் அமைந்தும் தொல்லை தீரவில்லை. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "இது கலர்ல நல்லா இருக்கா, கருப்பு வெள்ளையிலயா?" என்று தினமும் உயிரை வாங்கினார். கலர் என்று சொன்னால் துரு கண்ணை உறுத்துகிறது என்பார். கருப்பு வெள்ளை என்றால் துரு இருக்கும் இடமே தெரியவில்லை என்பார். "அப்புறம் எதுக்குங்க என்னைக் கேக்கறீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டு அவள் பஸ்ஸுக்கு ஓடுவாள்.

நாலாவது வாரம் பொறுமை போய், அவளே வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனாள். சனிக்கிழமை அது பளபளவென்று கிளிப்பச்சையில் திரும்பி வந்தது. அவர் குதிக்கட்டும், பதிலுக்கு நாலு கேள்வி கேட்கலாம் என்று அவள் தயாராக இருந்தாள்.

அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "இந்தப் பச்சையைக் கண்கொண்டு பார்க்க முடியல. கருப்பு வெள்ளைதான். முடிவாயிடுச்சு."

அவள் ஏறி வண்டியைக் கிளப்பினாள்.

"கொஞ்சம் இரு," என்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். "நீ இருக்கற மாதிரி எடுக்கவா, இல்லாத மாதிரியா?"

"இல்லாத மாதிரியே எடுத்துக்குங்க," என்றவள், அவர் கையைத் தட்டிவிட்டு வண்டியோடு போய்விட்டாள்.