குரியாக்கோஸின் எச்சில்

எச்சிலைத் தொட்டால் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் சென்சார் ஒன்றைக் கோட்டயத்தில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் செய்துகொண்டிருந்தோம். தங்க நானோ துகள் பூசிய சிறு பட்டை அது. சிறுநீரகம் கெட்டால் எண் ஏறும். ஆரோக்கியமான ஒருவரின் எச்சிலைப் பூஜ்யமாக வைத்துத்தான் மற்றவர்களை அளப்போம். அந்த ஒருவர் என் கணவர் குரியாக்கோஸ். அதே கல்லூரியில் வாலிபால் பயிற்சியாளர், காய்ச்சலென்று ஒருநாள் படுத்ததில்லை. தினமும் காலையில் ஆய்வகத்துக்கு வந்து குப்பியில் துப்பிக் கொடுப்பார்.

“ரோட்டுல துப்பினா அபராதம், இங்க துப்பினா டாக்டர் பட்டமா?” என்று என் மாணவி ஷாஹினாவைச் சீண்டுவார்.

“பட்டம் எனக்கு சாரே. நீங்க துப்புனா மட்டும் போதும்.”

ஐந்து மாதமாக யாரை அளந்தாலும் எண் பூஜ்யத்துக்குக் கீழே போனது. துகளை மாற்றினோம், பட்டையை மாற்றினோம். ஒரு மதியம், ஷாஹினா தன் எச்சிலைப் பூஜ்யமாக வைத்து எல்லாரையும் மறுபடி அளந்தாள். பதினாறு பேர் ஒரே மட்டத்தில் வந்து நின்றார்கள். குரியாக்கோஸ் மட்டும் எங்கோ உயரத்தில் இருந்தார்.

“டீச்சர், சென்சார்ல தப்பே இல்ல,” என்றவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் கீழே மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்தார். எப்படிப் படியிறங்கினேன் என்று இன்றும் நினைவில்லை.

“என்னடீ, மெஷின் மறுபடி கெட்டுப்போச்சா?”

“சரியாயிடுச்சு இச்சாயா.”

“அப்படின்னா ராத்திரிக்கு பீஃப் வாங்கிரலாம்,” என்று சிரித்தார். அதன்பிறகு பதினொரு மாதம்தான் இருந்தார்.