நடுவில் அறுக்காத கதவு

என் வீட்டுக்காரர் தச்சர். ஊரில் பாதிப் பேருக்குக் கதவு போட்டவர். எங்கள் மாட்டுக் கொட்டகைக்கு மட்டும் கிழிந்த படுதாதான் கதவு. நான் வாய் வலிக்கச் சொல்லி, பசு நிறைசினையாகி, மழையும் தலைக்கு மேல் வந்து நின்ற பிறகுதான் ஐயாவுக்கு மனசு இறங்கியது. அதுவும் எனக்காக இல்லை, பசுவுக்காக. தாயில்லாத கன்றாக வந்ததை அவர்தான் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தார். மகாராணி என்று பட்டம் வேறு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு பட்டமும் கிடைத்ததில்லை.

இரட்டைக் கதவு செய்ய அவருக்கென்று ஒரு முறை உண்டு. வாசல் அகலத்துக்கு ஒரே கதவாகச் செய்து, இரண்டு பக்கமும் கீல் வைத்து மாட்டிவிட்டு, கடைசியில்தான் நடுவே அறுப்பார். அப்போதுதான் இரண்டு பாதியும் அச்சாகப் பொருந்தும் என்பார். நெட்டுப் பலகைகள் நடுவில் சும்மா ஒட்டித்தான் நிற்கும். உள்பக்கம் ஓடும் மூன்று குறுக்குச் சட்டங்கள்தான் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்திருக்கும்.

அன்று உதவியாளுக்குக் காய்ச்சல். வெளியிலிருந்து அவர் கீலின் போல்ட்டை நுழைக்க, உள்ளே நின்று நட்டை முடுக்க ஆள் வேண்டும். நான் நின்றேன். எனக்குப் பின்னால் மகாராணி கட்டிக் கிடந்தாள். மூன்று பக்கமும் கல்சுவர், நான்காவது பக்கம் திறக்க முடியாத புதுக் கதவு. கதவுக்குக் கீழே நாலு விரல் இடைவெளி விட்டு, ஆப்பு வைத்துத் தூக்கியிருந்தார்.

"இவ்வளவு இடம் விட்டா பாம்பு வராதா?" என்றேன்.

"வந்தா உன்னைப் பார்த்துட்டு அதுவே திரும்பிப் போயிடும். மழையில மண்ணு ஊறினா கதவு உரசும், தெரியுமா? நட்டை முடுக்கு."

கடைசி நட்டை முடுக்கும்போதுதான் பின்னாலிருந்து புகை வாடை வந்தது. மழைக்குப் பயந்து சரியாகக் காயாத புல்லை முந்தின வாரம் கொட்டகையின் பின்மூலையில் அள்ளி அடுக்கியிருந்தோம். ஈரப்புல் உள்ளுக்குள்ளேயே சூடேறிப் பற்றிக்கொள்ளும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கதவு மும்முரத்தில் இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

"என்னங்க, புல்லு புகையுது."

சுத்தியல் சத்தம் நின்றது. "புகையா, ஆவியா?"

"புகைதான். கண்ணு எரியுது."

அவர் முட்டி போட்டு இடைவெளி வழியே உள்ளே பார்த்தார்.

"நட்டையெல்லாம் கழட்டவா?"

"அதுக்கு நேரமில்ல, கழட்டினாலும் முழுக் கதவும் உன் மேல சாயும். சட்டத்தை அறுக்கணும். என் பக்கத்துலருந்து அறுத்தா அரை நாள் ஆகும், சட்டம் உன் பக்கம்தான் இருக்கு. மேல உள்ளதை முதல்ல அறு, புகை மேலதான் சேரும்." நாலு விரல் இடைவெளியில் ரம்பம் உள்ளே வந்தது.

நான் ரம்பம் பிடித்ததே இல்லை. வாளியைக் கவிழ்த்து ஏறி நின்று, மேல் சட்டத்தில் பலகை சேரும் இடம் பார்த்து இழுத்தேன். ரம்பம் துள்ளிக் கையைக் கிழித்தது.

"அழுத்தாத. ரம்பம் தானா போகும், நீ இழுத்துட்டே இரு."

"நீங்க சும்மா இருங்க."

மேல் சட்டம் விட்டது. நடுச் சட்டத்தில் பாதி போனதும் ரம்பம் கவ்விக்கொண்டது. கதவின் கனம் இறங்கி மரம் அதை இறுக்கிவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. சொன்னேன். அவர் ஆப்பை ஓங்கி அடித்தார், கதவு ஒரு நூல் எழும்பியது, ரம்பம் விடுபட்டது. பின்னால் மகாராணி கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தினாள்.

நடுச் சட்டமும் விட்டபோது புகை இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. தரையில் படுத்து, இடைவெளியில் வாயை வைத்து மூச்சு வாங்கினேன். அந்தப் பக்கம் அவரும் சேற்றில் கன்னம் பதித்துப் படுத்திருந்தார். அவர் கண் எனக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"மகாராணி கத்துறா," என்றேன்.

"அவளை விட்டுடு. கீழ்ச் சட்டத்தை அறுத்துட்டு நேரா வெளிய வா."

"அவளை விட்டுட்டா?"

"விட்டுடுன்னு சொல்றேன்ல. எனக்கு நீ வேணும்."

இந்த ஒரு வார்த்தையை நான் எத்தனை வருஷமாகக் கேட்க ஆசைப்பட்டேன். கேட்கிற நேரமா அது? இருந்தாலும் கைக்கு எங்கிருந்தோ பலம் வந்தது. படுத்தபடியே கீழ்ச் சட்டத்தை அறுத்தேன். முக்கால்வாசி போனதும் அவர் ஆப்புகளைத் தட்டிவிட்டு இழுத்தார். சட்டம் முறிந்து, கதவு இரண்டாகி வெளிப்பக்கம் திறந்தது.

காற்று உள்ளே பாய்ந்தது. பின்னால் புல் குப்பென்று பற்றியது. அவர் என் கையைப் பிடித்தார். நான் உதறிவிட்டுத் திரும்பி ஓடினேன். அவருக்கு நான் வேண்டும் என்றால், எனக்கு அவர் வளர்த்த பசு வேண்டும். அவர் என்னைத் திட்டிக்கொண்டே கூட ஓடிவந்தார். முடிச்சு இறுகிக் கிடந்தது. ரம்பம் என் கையிலேயே இருந்தது, கயிற்றை அறுத்தேன். மகாராணி எங்கள் இருவரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். அவள் பின்னால் நாங்களும் போய் விழுந்தோம்.

அக்கம்பக்கத்தார் ஓடிவந்து தண்ணீர் அடித்தார்கள். கூரை போனது. சுவர் நின்றது, விரியத் திறந்து கிடந்த கதவுகளும் தப்பின. அந்த வாரமே மகாராணி கன்று போட்டாள்.

கூரை போட்ட பிறகு அவர் அறுத்த இடத்தைச் சீவிச் சரிசெய்ய இழைப்புளியோடு கதவு முன் போய் நின்றார். மூன்று சட்டங்களின் நுனியும் நாய் கடித்த மாதிரி இருந்தன. கோடு ஒரு நூல் கோணினாலும் தூங்காத மனிதர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இழைப்புளியைப் பெட்டியில் போட்டார்.

மரக்கடைக்காரர் வந்தபோது கேட்டார். "என்னய்யா இது, உன் வேலை மாதிரியே இல்லையே? யாரு அறுத்தது?"

"எங்க மூத்த தச்சர்," என்றார் அவர் சிரிக்காமல். "அவங்க வேலையில நான் கை வைக்கிறதில்ல."

நான் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தேன். செம்பை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.