அண்ணன் கேட்ட நாலு வரி

1

இந்தக் கதையை எழுத நான் நினைக்கவே இல்லை. என்னிடம் கேட்டது நாலு வரி, அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை அண்ணன் வேலை உடுப்போடு வாசலில் வந்து நின்றார். அண்ணன் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஐம்பத்தொரு வயது. என் வீட்டுக்கு வந்தால் முதலில் காபி கேட்பார், அப்புறம்தான் செருப்பைக் கழற்றுவார். அன்று இரண்டையும் செய்யவில்லை.

"வெள்ளிக்கிழமை அவங்க அக்கா வர்றாங்க. நான்தான் பேசணும். என்ன சொல்லணும்னு தமிழ்ல நாலு வரி எழுதிக் கொடு. நான் அரபிக்கு மாத்திக்கறேன்."

"யாரோட அக்கா?"

"உஸ்தாதாவோட அக்கா."

உஸ்தாத் என்றால் ஆசிரியர், பெண்ணானால் உஸ்தாதா. அண்ணனுக்கு எட்டு மாதமாக அரபி சொல்லிக்கொடுத்த பெண் அவர். இறந்து அன்றோடு பதினோரு நாள் ஆகியிருந்தது.

"எனக்கு வார்த்தை வராது. உனக்கு அதானே பிழைப்பு" என்றார் அண்ணன்.

நாலு வரி எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. ஒரு வரி எழுதினால் அதற்கு முந்தைய வரி என்ன என்று மனசு கேட்டது. அப்படிப் பின்னால் போய்க்கொண்டே இருந்ததில் இது கதையாகிவிட்டது.

2

முதல் தொடக்கம்: "அன்று காலை இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே, அழுகுரலோடு ஒரு லிஃப்ட்—"

(நிறுத்திவிட்டேன். அழுகுரலில் ஆரம்பிக்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "மொழி என்பது—"

(இதற்கு விளக்கம் வேண்டாம். அடித்ததற்கு நன்றி சொல்லுங்கள்.)

மூன்றாவது, நடந்தது நடந்தபடி. ஒரு பழைய ஐந்து மாடிக் கட்டடம். நாலாம் மாடியில் தையலகம். ஒன்பது இயந்திரங்கள், ஒரு நீள வெட்டுமேசை. லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது, உள்ளே ஒருத்தர். மேலே மோட்டார் அறையில் பிரேக்கைக் கையால் தளர்த்திப் பெட்டியை மெல்ல இறக்கவேண்டும். அதுவும் எங்கோ சிக்கிக்கொண்டது. நாற்பது நிமிஷம். உள்ளே இருந்த பெண் கதவைக் குத்திக்கொண்டே புரியாத பாஷையில் ஏதோ கத்தினார். அண்ணன் கதவு இடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்கம்மா, பயப்படாதீங்கம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லச் சொல்ல அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை.

"எப்படிக் குறையும்? எனக்கு ஆறுதல். அவங்களுக்கு எவனோ வெளியே நின்னு கத்தறான். கட்டடம் இடியுதுன்னுகூட நினைச்சிருப்பாங்க" என்றார் அண்ணன்.

மறுநாள் நாலாம் மாடிக்கு, நியாயமாகப் படியேறியே, போனார். தையலகத்துக்காரம்மாவுக்குக் கொஞ்சம் அரபி தெரியும். அந்த அம்மாவை நடுவில் வைத்துக்கொண்டு, "பயப்படாதீங்க, நான் இங்கேதான் இருக்கேன். இதை உங்க பாஷையில எப்படிச் சொல்றது?" என்று கேட்டார்.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்துநாலு வயது. தன் ஊரில் பள்ளியில் பூகோளம் நடத்தியவர். இங்கே வந்து கால்சட்டைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தார். ஒருவர் தன்னிடம் பாடம் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தையல் சுண்ணக்கட்டியை எடுத்து, வெட்டுமேசையில் வலமிருந்து இடமாக எழுதினார். *லா தகாஃபீ. அன ஹுனா.*

அண்ணன் அடுத்த வாரமும் போனார்.

3

இந்த இடத்தில் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அண்ணியும் அதையேதான் நினைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் ரவிக்கையின் கையைப் பிடித்துத் தைக்கவேண்டும் என்று சாக்குச் சொல்லிக் கூடவே போனார். திரும்பி வந்து என்னிடம் சொன்னது இது: "இருபத்தாறு வருஷமா உங்க அண்ணனை நான் திட்ட நினைச்சதையெல்லாம் அந்தப் பொண்ணு அரபில திட்டுது. பொழைச்சுப் போகட்டும்."

ஆக, அது இல்லை. வேறு என்ன என்றால் எனக்குச் சரியான பெயர் தெரியவில்லை. என் அண்ணன் பத்தாவதில் இரண்டு தடவை தோற்றவர். அவரை நம்பி யாரும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை, லிஃப்டைத் தவிர. இவரை ஒருத்தர் எதிரே உட்காரவைத்து, தொண்டைக்குள்ளிருந்து வரும் அந்த 'ஐன்' எழுத்தை நாற்பது தடவை சொல்லவைத்தார். நாற்பத்தோராவது தடவை சரியாக வந்தபோது அவர் கைதட்டியதில் ஒன்பது இயந்திரங்களும் நின்றனவாம். இதைச் சொல்லும்போது அண்ணனின் முகம் இருந்ததே, அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

புதன், ஞாயிறு, மாலை ஐந்து மணி. உள்ளே நுழையும்போது "மஸாஉல் கைர்", நன்மையின் மாலை, என்று சொன்னால் பதிலுக்கு அதையே திருப்பிச் சொல்லக்கூடாது. "மஸாஉன் நூர்", ஒளியின் மாலை, என்று ஒரு படி கூட்டித் தரவேண்டும். வேலை செய்துகொண்டிருப்பவரைப் பார்த்தால் முதலில் அவருக்குத் தெம்பு கிடைக்க வாழ்த்திவிட்டுத்தான் மற்றதெல்லாம். அண்ணன் இதை எங்கள் வீட்டிலும் ஆரம்பித்தார். நான் பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து நின்று "யஃதீகில் ஆஃபியா" என்பார். முதல் தடவை தட்டைக் கீழே போட்டேன்.

4

இனி வருவதுதான் கதை. இதுவரை சொன்னது, இதைச் சொல்லாமல் இருக்க நான் செய்த தந்திரம்.

பாடம் தொடங்கிய மூன்றாம் மாதம் உஸ்தாதா அண்ணனைத் திட்டினார். தையலகத்துக்காரம்மா நடுவில் நின்று அதைத் தமிழில் சொன்னார்.

"நீ 'எப்படி இருக்கீங்க'ன்னு கேட்கறே. நான் 'அல்ஹம்துலில்லாஹ்' சொல்றேன். நீ உட்கார்ந்து நோட்டைத் திறக்கறே. இது என்ன பழக்கம்?"

"பதில் சொல்லிட்டீங்களே?"

"அது பதில் இல்லை. அது இறைவனுக்கு நன்றி. நல்லா இருந்தாலும் சொல்வோம், வீடு எரிஞ்சாலும் சொல்வோம். எங்க வீட்ல அப்பா மூணு தடவை கேட்பார். முதல் தடவை சொல்றது இறைவனுக்கு. ரெண்டாவது மரியாதைக்கு. மூணாவதுதான் கேட்டவருக்கு. நின்னு பதிலைக் கேட்க முடியாட்டா கேட்கவே கேட்காதே."

அண்ணன் அதை நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டார். நானே பார்த்தேன். அன்றிலிருந்து மூன்று தடவை கேட்டார். மூன்றாவதில் உஸ்தாதா தன் முதுகுவலியைச் சொல்வார், ஊரில் இருக்கும் அக்காவைச் சொல்வார், சில நாள் கண்ணை மட்டும் துடைத்துக்கொள்வார்.

ஆகவே, தெரியாமல் நடந்த தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சொல்லின் பொருளும் அதைக் கேட்கவேண்டிய முறையும் அண்ணனுக்கு நன்றாகவே தெரியும்.

5

எட்டாம் மாதம். உஸ்தாதாவுக்கு இரண்டு நாளாக வயிற்றுவலி. தையலகத்துக்காரம்மா ஊரில் இல்லை. அண்ணன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் திரையைப் பார்த்தபடி, "நீங்க மொழிபெயர்ப்பாளரா?" என்று கேட்டார்.

"ஆமா சார்" என்றார் அண்ணன்.

(அண்ணன் என்னிடம் இதைச் சொல்லும்போது இந்த இடத்தில் நிறுத்தினார். "அந்த 'ஆமா'ல எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? சட்டையை இழுத்து விட்டுக்கிட்டேன்" என்றார். இதைக் கண்டிப்பாக எழுது என்றும் சொன்னார்.)

"வலி எப்படி இருக்குன்னு கேளுங்க."

அண்ணன் கேட்டார். சுத்தமான அரபியில், ஐன் எழுத்தெல்லாம் இடம் தப்பாமல் கேட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் உஸ்தாதா.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். திரும்பக் கேட்டால் தனக்கு மொழி தெரியவில்லை என்று டாக்டர் நினைத்துவிடுவார் என அண்ணனுக்குத் தோன்றியது.

"பரவாயில்லையாம் சார்."

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தபோது உஸ்தாதா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். டாக்டர் அதைப் பார்க்கவில்லை. அண்ணன் பார்த்தார். மாத்திரை கொடுத்து, வலி கூடினால் வரச் சொல்லி அனுப்பினார்கள். உள்ளே குடல்வால் வெடித்து, சீழ் ரத்தத்தில் கலந்து, மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார்.

6

நான் எழுதிய மாற்று: அண்ணன் இரண்டாவது தடவை கேட்கிறார். டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவது தடவையும் கேட்கிறார். உஸ்தாதா, "உள்ளே யாரோ கத்தரிக்கோலைத் திறந்து மூடற மாதிரி இருக்கு" என்கிறார். அன்றைக்கே அறுவைசிகிச்சை. பத்தாம் நாள் வெட்டுமேசையில் மறுபடி சுண்ணக்கட்டி.

ஒன்றரைப் பக்கம் எழுதினேன். என் எழுத்திலேயே நல்ல எழுத்து அது. அண்ணன் கண்ணாடி போட்டுப் பொறுமையாகப் படித்தார்.

"நல்லா இருக்கு" என்றார். "கிழிச்சுடு."

7

அப்புறம் நாலு வரிக்கு வந்தேன்.

முதல் முயற்சி: "உங்கள் தங்கையை நன்றாகப் பார்த்துக்கொண்டோம். அவர் வலியில்லாமல்—" (பொய். அடித்தேன்.)

இரண்டாவது: "டாக்டர் சரியாகக் கவனிக்கவில்லை."

"அவர் கவனிக்கலைதான்" என்றார் அண்ணன். "ஆனா கேள்வி என் வாயில இருந்துச்சு."

மூன்றாவது, என் ஆத்திரத்தில் எழுதியது: "எல்லாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள்." நான் செய்திருப்பேன். இதைப் படிக்கும் நீங்களும் செய்திருப்பீர்கள். அண்ணன் அதைப் பார்த்து, "எல்லாருக்கும் அவங்க சொல்லிக்கொடுக்கலையே" என்றார். அந்த வரியையும் அடித்தேன். அவருக்குச் சொல்ல உங்களிடம் பதில் இருந்தால் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

"எதுக்குச் சொல்லணும்?" என்று கடைசியில் கேட்டேன். "அந்த அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லலைன்னா தங்கச்சி நோயில போயிட்டான்னு அழுதுட்டுப் போவாங்க. சொன்னா, தப்பிச்சிருப்பாளேன்னு சாகிற வரைக்கும் அழுவாங்க. உன் பாரத்தை ஏன் அவங்க தலையில இறக்கறே?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார்.

"அங்க என்ன நடந்துச்சுன்னு அவங்க பாஷையில சொல்ல எனக்குத்தான் தெரியும். நானும் மறைச்சுட்டா, அந்த அம்மா இந்த ஊர்ல யார்கிட்ட போய்க் கேட்பாங்க?"

எழுதிய காகிதத்தைக் கொடுத்தேன். நாலு வரி இல்லை, ஒரே வரி: *மூன்று தடவை கேட்கவேண்டும் என்று எனக்குத் தெரியும், நான் ஒரு தடவைதான் கேட்டேன்.*

8

வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். தையலகத்தில் இயந்திரங்களை நிறுத்தியிருந்தார்கள். அக்கா என்றதும் கிழவியாக நினைத்திருந்தேன். நாற்பது இருக்கும். தங்கையின் பொருட்கள் இரண்டு பைகளில் காலடியில் இருந்தன. வெட்டுமேசைக்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் அவர்.

அண்ணன் காகிதத்தை எடுக்கவில்லை. பேசினார்.

எனக்கு அரபி தெரியாது. பாத்திரம் கழுவும்போது கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் தெரியாது. கதையின் முக்கியமான பகுதி என் கண்ணெதிரே, இரண்டு முழத் தூரத்தில் நடந்துகொண்டிருக்க, எழுத்தாளரான நான் ஊமைப்படம் பார்த்தேன். அண்ணன் கால்மணி நேரம் பேசியிருப்பார். ஓர் இடத்தில் சட்டையை இழுத்து விட்டுக் காட்டினார். அக்கா இரண்டு கைகளையும் மேசையில் வைத்துக்கொண்டார். அண்ணன் பேசி முடித்தார். அப்புறம் அக்கா ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அண்ணன் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். வீட்டில் அண்ணி கேட்டபோதும் சொல்லவில்லை.

அந்த வாக்கியம் மன்னிப்பாக இருக்கலாம். சாபமாக இருக்கலாம். இரண்டுமில்லாமல், "இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே" என்பதாகவும் இருக்கலாம். மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றும் என் கையெழுத்தில்தான் இருந்தன. அண்ணன் செவ்வாய்க்கிழமை வாசலில் நின்றபோதே நான் அவரை மன்னித்துவிட்டேன். அவருடைய தங்கையாக நான் தரும் மன்னிப்பு வீட்டுக்குள் செல்லும், வெளியே செல்லாது. இழந்தவர் சொன்ன வாக்கியத்தை இழக்காத நான் எழுதினால், அது இன்னொரு தப்பான மொழிபெயர்ப்பு.

அதனால் நாற்காலியை உங்களுக்கு விடுகிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருங்கள். இறந்தது உங்கள் தங்கை. அவர் துணிகள் உங்கள் காலடியில் இரண்டு பைகளில் இருக்கின்றன. எதிரே இருப்பவர், உங்களுக்குத் தெரியவே தெரியாத ஒன்றைத் தானாக வந்து சொல்லிவிட்டு, உங்கள் முகத்தைப் பார்க்கிறார். அவருக்கு உங்கள் தங்கை கற்றுக்கொடுத்திருக்கிறார். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரியும்.

ஒரு வாக்கியம்தான். சொல்லுங்கள்.