காலை ஐந்து மணி போன்

டைம்கீப்பரம்மாவுக்குக் கோபம் வந்தால் பஸ் நிலையமே ஒதுங்கி நிற்கும். இரண்டு நிமிடம் தாமதமாக வண்டியை எடுத்த டிரைவரை, ஓய்வுபெற ஒரு மாதம்தான் இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், பயணிகள் முன்னால் வறுத்தெடுத்தவள். ஆனால் அன்றைக்கு வந்திருந்த கோபம் அந்த ரகமில்லை. அவள் மகள் பரீட்சை நேரத்தில் தூங்கியிருந்தாள்.

ஆமாம், தூக்கம்தான். காய்ச்சல் இல்லை, காதல் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பள்ளிக்கூடத்தில் முதல் மூன்று இடத்தை விட்டு இறங்கவே இறங்காத பெண், கல்லூரி ஹாஸ்டலில் இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடக்க, பரீட்சை அதுபாட்டுக்கு நடந்து முடிந்துவிட்டது. மறுபரீட்சை எழுத விடவில்லை என்றால் ஒரு வருஷம் அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். மகள் ஹாஸ்டலுக்குப் போன நாளிலிருந்து காலை ஐந்து மணிக்கு அம்மா போன் செய்வாள், மகள் எழுந்திருப்பாள். அன்றைக்கு எதை எத்தனை நிமிடம் படிக்க வேண்டும் என்பதும் அந்தப் போனிலேயே வந்துவிடும். வீட்டில் இருந்தவரை போர்வையை உருவுவது, பையில் புத்தகம் அடுக்குவது, பேனாவில் மை இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாமே அம்மாதான். பத்தொன்பது வயதிலும் அவளுக்குப் பெயர் பாப்பா.

பரீட்சை அன்று விடியற்காலையில் நிலைய வாசலில் இரண்டு வண்டிகள் உரசிக்கொண்டு குறுக்கே நின்றுவிட்டன. டிரைவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களை விலக்கி, பின்னால் நின்ற பதினோரு வண்டிகளை வேறு வழியில் அனுப்பி, மேலதிகாரிக்கு விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு அம்மா போனைத் தேடி எடுத்தபோது மணி பத்தேகால். “அம்மா, மணி என்ன?” என்றது தூக்கம் கலையாத குரல். பரீட்சை ஒன்பதரைக்கே தொடங்கியிருந்தது.

மறுநாள் அம்மா லீவு போட்டுவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பினாள். உரசிய டிரைவர்கள், கதவைத் தட்டாத வார்டன், அரைமணி தாமதம் என்றால் உள்ளே விடாத கல்லூரி என்று ஒருவர் பாக்கியில்லாமல் வழி நெடுக மனசுக்குள் கிழித்துத் தொங்கவிட்டாள். முந்தின நாள் மாலையே பாப்பா போனில் சொல்லியிருந்தாள்: நாளை நாலு மணிக்குள் துறைத்தலைவரிடம் மறுபரீட்சைக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும், கூடவே அடுத்த ஆறு வாரம் எப்படிப் படிக்கப்போகிறாள் என்று அவளே போட்ட அட்டவணையும் வேண்டும். ‘அவளே’ என்பது அம்மாவின் காதில் ஏறவில்லை. பஸ் குலுக்கலில் மடியில் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு, ஆறு வாரத்தையும் முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். பாப்பா அதைத் தன் கையெழுத்தில் பிரதி எடுத்தாள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

துறைத்தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அட்டவணையை நிதானமாகப் படித்தார். கணக்கு, ஐந்து பத்து முதல் ஆறு இருபத்தைந்து வரை. வேதியியல், ஆறு முப்பத்திரண்டு முதல். விரல் ஓரிடத்தில் நின்றது.

“நீயே போட்டதாம்மா?”

பாப்பா தலையாட்டினாள்.

“இங்க ‘ஸ்பேர் நாப்பது நிமிஷம்’னு இருக்கே, அப்படின்னா என்ன?”

பாப்பா விழித்தாள். அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

“ஏதாவது வண்டி பிரேக்டவுன் ஆனா ஓட்டறதுக்கு சார்,” என்றாள்.

தானே காட்டிக்கொடுத்துவிட்டோம் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. துறைத்தலைவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. நாலு மணிக்குள் அவளே போட்டுக் கொண்டுவரட்டும், இல்லையென்றால் இந்த வருஷம் முடியாது என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வராந்தா பெஞ்சில் அம்மா பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை சமாளித்துச் சொல்லத் தெரியாதா, ஒரு அலாரம் வைக்கத் துப்பில்லையா, உனக்காக நான் நாய் படாத பாடு படுகிறேனே என்று மூச்சுவிடாமல் கொட்டினாள். பாப்பா வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணி ஆயிற்று. தாளில் ஒரு எழுத்து இல்லை.

“சரி எழுது. காலைல அஞ்சு பத்து...” என்று அம்மா ஆரம்பித்தாள்.

“வாய மூடும்மா.”

இந்தப் பெண் இப்படி ஒரு சொல் சொல்லி அவள் கேட்டதே இல்லை. எதிரே நடந்து போன இரண்டு மாணவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

“காலைல படிச்சா எனக்கு ஏறுமா, ராத்திரி படிச்சா ஏறுமா? எனக்கே தெரியாதும்மா. ஒரு நாளாவது பாக்க விட்டியா நீ? நேத்து முழிச்சதும் எந்திரிக்கணும்னுகூடத் தோணல. நீ போன் பண்ணலையே, அப்ப இன்னும் மணி ஆகலன்னு திரும்பிப் படுத்துட்டேன். அவ்வளவு மக்கா இருக்கேன் நான்.”

அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. கன்னத்தில் ஒன்று விட்டிருப்பாள், கை எழவில்லை. பாப்பா பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்து, தாளை மறைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். எழுதினாள், அடித்தாள், நகத்தைக் கடித்தாள், மறுபடி எழுதினாள். எட்டிப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பதற்குள் அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது உள்ளே போனார்கள். அது அட்டவணையே அல்ல. கோணல்மாணலாக ஐந்து வரி. முதல் இரண்டு வாரம் வேறுவேறு நேரத்தில் படித்து எது ஒத்துவருகிறது என்று பார்ப்பேன், மூன்றாம் வாரம் அட்டவணை போடுவேன் என்று இருந்தது. அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருக்கிறதே ஆறு வாரம், அதில் இரண்டை வீணாக்கவா?

துறைத்தலைவர் கடைசி வரியைப் படித்துவிட்டுத் தாளை அம்மா பக்கம் திருப்பினார். ‘அம்மா என்னை எழுப்ப மாட்டார்’ என்று இருந்தது.

“இது நீங்க குடுக்க வேண்டிய வாக்கும்மா. நீங்கதான் கையெழுத்துப் போடணும்.”

அம்மா மகளைப் பார்த்தாள்.

“பரீட்சை அன்னிக்குமா?”

“அன்னிக்கும்.”

“மறுபடி நீ தூங்கிட்டா?”

“தூங்கினா தூங்கினதுதான்.”

அடுத்த பரீட்சையும் போனால் இந்த மனிதர் வந்து தருவாரா ஒரு வருஷத்தை? கேட்க வாயெடுத்தாள். பாப்பா பேனாவை நீட்டிக்கொண்டு நின்றாள். அம்மா வெடுக்கென்று பேனாவைப் பிடுங்கி, தாள் கிழிகிற அழுத்தத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு வெளியே நடந்தாள்.