பித்தப்பையில் கல், கண்ணாடிக்குப் பின்னால் அத்தை

அவளுக்கு வீட்டில் "ஆராய்ச்சி" என்றே பெயர் நிலைத்துவிட்டது. மாமா வைத்த பெயர். "ஏ ஆராய்ச்சி, சாப்பிட வா" என்று கீழிருந்து அவர் கூப்பிட்டால் மாடி அறையில் இருக்கும் அவளுக்கு மட்டுமல்ல, எதிர்வரிசை வீடுகளுக்கும் சாப்பாடு தயார் என்று தெரிந்துவிடும். மாமா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போன பிறகும் குரல் போகவில்லை.

மேடையில் நடிகர் செய்வதைத்தான் வகுப்பில் ஆசிரியரும், நோயாளிக்கு முன்னால் மருத்துவரும் செய்கிறார்களா? இதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாடகத் துறை, "இது மருத்துவம்மா" என்றது. மருத்துவக் கல்லூரி, "இது கல்வியியல்" என்றது. கல்வியியல் துறைக்குப் போனால், "நடிப்பைப் பத்தி எங்களுக்கு என்ன தெரியும்?" என்று கையை விரித்தார்கள். அலையாய் அலைந்து, கடைசியில் ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒருவராக மூன்று கைடுகள் வாய்த்தார்கள். நாடகக் கைடு சரி என்றால் மருத்துவக் கைடு உதட்டைப் பிதுக்குவார். இருவரும் தலையாட்டினால் கல்வியியல் அம்மா, "இதை எப்படி அளக்கறது?" என்று கேட்பார். மூவரையும் ஒரே அறையில் உட்காரவைப்பதற்குள் அவளுக்குத் தாவு தீர்ந்துவிடும்.

எப்படியோ அதற்கும் ஒரு நாள் குறித்தாகிவிட்டது. மருத்துவ மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து ஒரு நோயாளியிடம் பேசி, என்ன நோய் என்று சொல்ல வேண்டும். நோயாளியாக இருப்பவர் நடிகர். நோய், பித்தப்பையில் கல். பக்கத்து இருட்டறையில், ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் மூன்று கைடுகளும் உட்கார்ந்து பார்ப்பார்கள். எல்லாம் தயாராக இருந்தபோது நடிகரிடமிருந்து போன் வந்தது. அவருக்கு நிஜமாகவே காய்ச்சலாம்.

"நோயாளியா நடிக்க வரமுடியலையாம், உடம்பு சரியில்லையாம்" என்று அவள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மாமா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். "நான் வரேன்."

முன்னறையில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த அத்தை காலை நிறுத்தாமலே சிரித்தாள். அந்த முன்னறைதான் அவளுடைய தையல் கடை. "நல்லாருக்கே! ஒரு தலைவலி வந்தா தெருவையே கூட்டுற மனுஷன். நடிக்கவே வேணாம், அப்படியே கூட்டிட்டுப் போ."

"இத்தனை வருஷமா ஊரே என் குரலைக் கேட்டுச்சு. யாராவது என் மூஞ்சியைப் பார்த்திருக்காங்களா?" என்றார் மாமா. ஆராய்ச்சி நிமிர்ந்து பார்த்தாள். விளையாட்டாகச் சொன்னதாகத் தெரியவில்லை. அதுவுமில்லாமல், அவளுக்கு வேறு ஆளும் கிடையாது.

அந்த வாரம் முழுக்க ஒத்திகை. மாமா ஸ்கிரிப்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றார்.

"எங்க வலிக்குது சார்?" என்றாள் அவள், மருத்துவராக.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். "வலது விலாவுக்குக் கீழிருந்து புறப்படும் வலியானது, முதுகு வழியாகத் தோள்பட்டையை, இன்னும் சற்று நேரத்தில் வந்தடையும்."

"எந்தப் பிளாட்பாரத்துக்குன்னு சொல்லுங்க!" என்று மிஷினிடமிருந்து அத்தையின் குரல் வந்தது.

"மாமா, வலிக்கிறவங்க இப்படிப் பேச மாட்டாங்க. மெதுவா, விட்டு விட்டுச் சொல்லுங்க."

"மெதுவாச் சொன்னா கடைசிப் பெட்டிக்குக் கேக்காதேம்மா."

"ஒரே ஒரு ஆளுதான் மாமா, அதுவும் பக்கத்துல உக்காந்திருப்பாங்க. இன்னொண்ணு, எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டா வலி வருதுங்கறதுதான் முக்கியமான விஷயம். அதை அவங்களாக் கேட்டாத்தான் சொல்லணும். நீங்களாச் சொல்லிடாதீங்க."

"எல்லாம் எனக்குத் தெரியும்" என்றார் மாமா. அவள் ஸ்கிரிப்டை வாங்கி அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டுக் கொடுத்தாள்.

குறித்த நாளன்று அத்தை கடையைச் சாத்திவிட்டு நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "நீங்க எதுக்கு அத்தை?" "வேடிக்கை பாக்கத்தான். அவரு மானத்தை வாங்கறப்போ குடும்பத்துல ஒரு ஆளாவது கூட இருக்கணும்ல?"

இருட்டறையில் மூன்று கைடுகளுக்குப் பின்னால் அத்தைக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கட்டிலில் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பேசுவது இங்கே ஒலிபெருக்கியில் கேட்டது. அது தேவையே இல்லை. சுவர் வழியாகவே கேட்டது.

முதலில் வந்த மாணவன் கையிலிருந்த தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வலி உண்டா, வாந்தி உண்டா, காய்ச்சல் உண்டா" என்று வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலக் கேட்டு முடித்தான். மாமா உண்டு, இல்லை என்று ஒழுங்காகச் சொன்னார். கல்வியியல் அம்மாவுக்குப் பரம திருப்தி. இரண்டாவது மாணவன் உள்ளே நுழைந்ததும் மாமா ஒரு முனகல் முனகினார் பாருங்கள், பையன் முகம் வெளுத்துப்போய், "நிஜ டாக்டரைக் கூப்பிடுங்க!" என்று வெளியே ஓடிவிட்டான். நாடகக் கைடு தொடையைத் தட்டிச் சிரித்தார். மருத்துவக் கைடு சிரிக்கவில்லை. ஓடியவன் அவருடைய மாணவன்.

மூன்றாவதாக வந்தவள் தடித்த கண்ணாடி போட்ட பெண். நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வலி எங்கே, எப்போதிலிருந்து என்றெல்லாம் கேட்டுவிட்டு, "வீட்ல யார்கிட்டயாவது சொன்னீங்களா சார்?" என்றாள்.

ஸ்கிரிப்டில் இந்தக் கேள்வி கிடையாது. மாமா விழித்தார். 'இல்லைன்னு சொல்லுங்க மாமா, இல்லைன்னு சொல்லி முடிங்க' என்று ஆராய்ச்சி மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

"சொன்னா யாரும்மா கேக்கறாங்க?" என்றார் மாமா. இந்த முறை அவர் குரல் தாழ்ந்திருந்தது. ஒலிபெருக்கி இல்லாவிட்டால் இவர்களுக்குக் கேட்டிருக்காது. "வீட்ல எந்நேரமும் மிஷின் சத்தம். நான் எதாவது ஆரம்பிச்சா, 'அறிவிப்பு முடிஞ்சுதா?'ன்னு கேப்பாங்க. அதனால இப்பல்லாம் ஆரம்பிக்கறதே இல்ல."

நாடகக் கைடு, "ஆஹா!" என்றார். கல்வியியல் அம்மா எழுதுவதை நிறுத்தினார். ஆராய்ச்சி திரும்பிப் பார்ப்பதற்குள் அத்தை எழுந்துவிட்டாள். புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தும் பயனில்லை. கதவு திறந்தது. அடுத்த கணம் அத்தை கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் இருந்தாள்.

"என்ன சொன்னீங்க? நான் கேக்கறதே இல்லையா?"

மாமா கட்டிலிலிருந்து எழப் பார்த்து, தனக்கு வயிற்று வலி என்பது நினைவுக்கு வந்து மறுபடி உட்கார்ந்தார். "நீ எதுக்கு இங்க வந்தே? நான் சொல்லல, இவரு சொல்றாரு. நான் இப்ப வேற ஆளு."

"வேற ஆளா? அப்ப அந்த ஆளோட பொண்டாட்டி யாரு?"

"அது ஸ்கிரிப்ட்ல இல்ல!"

இருட்டறையில் ஆராய்ச்சி தலையில் கை வைத்துக்கொண்டாள். இரண்டு வருட உழைப்பு கண்ணெதிரே மண்ணாய்ப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஓடிப் போய் இருவரையும் இழுத்து வரலாம் என்று எழுந்தாள். "உக்காரும்மா" என்றார் மருத்துவக் கைடு. அவர் கண்ணாடியிலேயே முகத்தை ஒட்டியிருந்தார்.

அங்கே அந்தப் பெண், இதுவும் பரீட்சையில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டாள்போலிருக்கிறது. எழுந்து தன் நாற்காலியை அத்தைக்குக் கொடுத்தாள். "உக்காருங்கம்மா. நீங்கதான் பக்கத்துலேயே இருக்கறவங்க. இவரு எதை மறைக்கிறாருன்னு நீங்களே சொல்லுங்க."

சண்டை போட வந்தவளுக்கு நாற்காலி கிடைத்தால் என்ன செய்வாள்? அத்தை உட்கார்ந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். "என்னத்தைச் சொல்றது டாக்டரம்மா? எண்ணெய்ப் பலகாரத்தைக் கண்டா விட மாட்டாரு. தின்னுட்டு வலது பக்கத்தைப் பிடிச்சுக்குவாரு. அங்க ஆரம்பிச்சு முதுகு வழியாத் தோளுக்குப் போகும். கேட்டா ஒண்ணுமில்லம்பாரு. ராத்திரி தூக்கத்துல எழுந்து உக்காந்து, இந்த வண்டி வருது, அந்த வண்டி போகுதுன்னு ரயில் விடுவாரு. அதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்காரு."

ஆராய்ச்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது. எண்ணெய்ப் பலகாரமும் தோள்பட்டையும் ஸ்கிரிப்ட். வாரம் முழுக்க மிஷின் சத்தத்துக்கு நடுவே அத்தை அத்தனையையும் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறாள். ரயில் விடுவது மட்டும் ஸ்கிரிப்டில் இல்லை. எங்கே கோபம் முடிந்து எங்கே நடிப்பு தொடங்கியது என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. அத்தையிடம் கேட்டிருந்தால் அவளுக்கும் தெரிந்திருக்காது.

அந்தப் பெண் மாமாவின் விலாவுக்குக் கீழே மெல்ல அழுத்திப் பார்த்தாள். மாமா கடமை தவறாமல் "ஆ" என்றார். "பித்தப்பையில கல்லா இருக்கலாம் சார். ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்" என்றவள், அத்தையிடம் திரும்பினாள். "மிஷினைக் கொஞ்ச நேரம் நிறுத்திட்டு இவரு பேசறதையும் கேளுங்கம்மா. அதுக்கு ஸ்கேன் எல்லாம் வேணாம்."

அன்றைக்கு நோயைச் சரியாகச் சொன்னது அவள் ஒருத்திதான். மருத்துவக் கைடு, "கண்டுபிடிச்சுட்டா" என்றார். நாடகக் கைடு, "அந்த அம்மா நுழைஞ்ச நேரம் இருக்கே!" என்றார். கல்வியியல் அம்மா பேனாவால் கன்னத்தைத் தட்டிக்கொண்டே, "இதை அளக்க முடியாது. ஆனா விடவும் கூடாது" என்றார். மூவரும் முதல் முறையாக ஒத்துப்போனது அன்றைக்குத்தான். நோயாளியோடு வீட்டு மனிதர் ஒருவரையும் சேர்த்து ஆராய்ச்சியை முதலிலிருந்து மாற்றிச் செய்யச் சொன்னார்கள். அவளுக்கு ஒரு வருடம் கூடுதலாகத் தலையில் விழுந்தது.

திரும்பும்போது பேருந்தில் மாமாவும் அத்தையும் ஒரே இருக்கையில், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்னிருக்கையில் ஆராய்ச்சி.

"உள்ள சொன்னீங்களே, அது நடிப்பா, நிஜமா?" என்றாள் அத்தை, ஜன்னலைப் பார்த்தபடியே.

மாமா கையிலிருந்த டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"துணி எடுக்க ரயில்ல போவேனே, ஞாபகம் இருக்கா? வந்து நிக்கிற வண்டியை விட்டுட்டு அடுத்த வண்டிக்கு உக்காந்திருப்பேன். நீங்க ஒருவாட்டி சொல்றதைக் கேட்டுட்டுப் போகலாம்னு."

மாமா சட்டென்று திரும்பினார். "இதை ஏன் நீ சொல்லவே இல்ல?"

"சொன்னா இன்னும் சத்தமாப் பேசுவீங்க."

ஆராய்ச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மாமா தலையைச் சாய்த்து அத்தையின் காதோரம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று பின்னிருக்கைக்குக் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்தில் மாமா பேசி அவளுக்குக் கேட்காமல் போனது அது ஒன்றுதான்.

அடுத்த மாதமே மருத்துவக் கைடு சொல்லியனுப்பினார். இந்த முறை நோய் ஒற்றைத் தலைவலி. தம்பதியாகத்தான் வர வேண்டுமாம். செய்தியைச் சொன்னதும் மாமா நெற்றியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க" என்றாள் அத்தை, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "இந்தத் தடவை தலைவலி எனக்கு."